சுவரில் இருந்த சின்னச் சாமியார்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று மொட்டைத் தலையோடு, கணுக்கால்வரை அந்தோணியார் அங்கி போட்டு, இடுப்பில் முடிச்சுக் கயிறு கட்டி நிற்கும். பக்கத்தில் அம்மா, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதன் கையைப் பிடித்திருப்பாள். குழந்தை புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கேமராக்காரரை அடிக்கப் போகிற மாதிரி பார்க்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பார்வையைத் தியானம் என்பார்கள்.

அந்தக் குழந்தை நான்தான் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்புமாக இருக்கும் ஊர் எங்களுடையது. வேதக்காரக் குடும்பங்கள் அதிகம். பிள்ளைக்கு நோய் கண்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் கையை விரித்துவிட்டால் எங்கள் ஆட்கள் அந்தோணியாரிடம் நேர்ந்துகொள்வார்கள். பிழைத்த பிள்ளைக்கு மொட்டையடித்து, தையற்காரரிடம் குட்டி அங்கி தைத்துப் போட்டு, சில மாதம் அதோடேயே திரியவிடுவார்கள். பிறகு அங்கியைக் கழற்றி அந்தோணியார் கோயிலில் வைத்துவிட்டால் நேர்ச்சை தீர்ந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படி அங்கி போட்டு வளர்ந்தவர்கள்தான். அவர்கள் எல்லாம் விவசாயம் பார்த்தார்கள், ஜீப் ஓட்டினார்கள், சீட்டாடினார்கள். போட்டோ எடுத்து மாட்டிய வீடு எங்களுடையது மட்டும். வினை அங்கே ஆரம்பித்தது.

எனக்குச் ‘சாமியாரு’ என்று பெயர் வைத்தவர் டீக்கடை மாமா. பஸ் நிறுத்தத்தில் கடை வைத்திருந்தவர். சொந்த மாமா இல்லை, ஊருக்கே மாமா. எந்த விசயத்திலும் முதல் ஆளாகக் கருத்துச் சொல்லி, கடைசி ஆளாகத்தான் எழுந்து போவார். எனக்கு ஐந்து வயது இருக்கும்போதே, “ஏலே, சாமியாரு வாராக, பெஞ்சத் தொடைங்கடா” என்பார். ஊர் சிரிக்கும். சிரிப்பு நின்ற பிறகும் பெயர் நிற்கவில்லை.

சாமியார் என்ற பெயரோடு வளர்கிற பையனுக்கு என்னென்ன கிடைக்காது என்று கேட்டால் நான் நாள் முழுக்கச் சொல்வேன். கிரிக்கெட்டில் எனக்கு பேட் கிடைக்காது. “சாமியாரு பொய் சொல்ல மாட்டான்டா” என்று சொல்லி நிரந்தர அம்பயராக நிறுத்திவிட்டார்கள். வெயிலில் நின்று விரலைத் தூக்கித் தூக்கியே என் பள்ளிக்கூடக் காலம் போனது. பசங்கள் சுவாரசியமாக ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனால் பேச்சு சட்டென்று பரீட்சைக்குத் திரும்பும். மாங்காய் திருடப் போனால் என்னை வேலிக்கு வெளியே விட்டுவிட்டுப் போவார்கள். மாட்டினால் நான் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று பயம். சாவு வீட்டில் உபதேசியாருக்குத் தொண்டை கட்டினால், “தம்பி, நீ செபமாலையைத் தொடங்கு” என்று முன்னால் தள்ளுவார்கள். உத்தமபாளையம் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ராவுத்தர் வீட்டுப் பையன்கூட, “எங்க பள்ளிவாசல் அசரத்த மாதிரியே நடக்குறடா நீ” என்றான். நான் அப்படித்தான் நடந்திருப்பேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் கோழிகூடக் கம்பீரமாகத்தான் நடக்கும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் பெருமையும் இருந்தது. பயமும் இருந்தது. பிளஸ் டூ நெருங்க நெருங்கப் பயம்தான் அதிகமாயிற்று. ஊருக்கு என் விசயம் முடிந்துபோன காரியம். எனக்கு முடியவில்லை. கடவுள் என்னைக் கூப்பிடுகிறாரா, இல்லை டீக்கடை மாமா கூப்பிடுகிறாரா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே குரலில் பேசுகிற மாதிரி இருந்தது.

யாரிடம் கேட்பது? எங்கள் ஊரில் பிரசங்கம் வைப்பதே லேசுப்பட்ட காரியம் இல்லை. காய்க்காத கொடியை வெட்டுவது பற்றிப் பங்குச் சாமியார் உருக்கமாகப் பேசிய ஞாயிறு, அப்பாவும் இன்னும் நாலு பேரும் கோயில் வாசலில் நின்று, சாமி எந்த மாசக் கவாத்தைச் சொல்கிறார் என்று அரைமணி நேரம் வாதம் செய்தார்கள். கொடியைத் தவிர வேறெதையும் அப்பா பேசிக் கேட்டதில்லை. அம்மாவிடம் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுப்பில் பால் பொங்குவது அவளுக்கு ஞாபகம் வந்துவிடும். என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா வீட்டில் எல்லாவற்றையும் துடைப்பாள், அந்தப் படத்தை மட்டும் துடைக்க மாட்டாள். இதையெல்லாம் அப்போது நான் கவனித்தேனே தவிர யோசிக்கவில்லை. அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் கடவுளிடமே அடையாளம் கேட்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, ‘ஆண்டவரே, கம்பம் பஸ் முதலில் வந்தால் சாமியாருக்குப் படிக்கும் குருமடம், தேனி பஸ் முதலில் வந்தால் பாலிடெக்னிக்’ என்று ஒப்பந்தம் போட்டேன். முதலில் வந்தது மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப். அதில் இடமில்லாமல் பின்னால் தொங்கிக்கொண்டு வந்த ஒரு அக்கா, “என்ன சாமியாரே, வெயில்ல நிக்கிறீக” என்று கேட்டுவிட்டுப் போனாள். அடுத்து முட்டைக்கோஸ் லாரி. பிறகு இரண்டு பஸ்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஒரே நேரத்தில் வந்து நின்றன. இதற்கு மேல் கேட்டால் ஆண்டவர் கோபித்துக்கொள்வார் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

தொண்ணூற்றேழில் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு மதுரையிலிருந்து ஒரு சாமியார் வந்தார். தேவ அழைத்தலுக்குப் பொறுப்பானவர். குருமடத்தில் சேர விரும்புகிற பையன்களின் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துப் பேசுவது அவர் வேலை. பெண் பார்க்க வருகிற மாதிரிதான். வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அம்மா நாட்டுக்கோழி அடித்தாள். அக்கா சமையலறையில் தேங்காய் அரைத்தாள். அழையாமலே வந்து சாமியாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார் டீக்கடை மாமா. வாசலில் ஒரு இருபது பேர் நின்றார்கள்.

சாமியார் சாப்பிட்டுக்கொண்டே கேட்க, கதையை மாமாதான் சொன்னார்.

“மூணு வயசுல காச்சல் சாமி. இழுப்பு வந்து கண்ணு மேல சொருகிருச்சு. தேனி ஆஸ்பத்திரியில தூக்கிட்டுப் போங்கன்டாக. அம்மாகாரி அந்தோணியார் கோயில் வாசல்ல கொண்டாந்து போட்டு ஒரே அழுக. விடியுமுன்ன பிள்ள எந்திரிச்சு உக்காந்து பால் கேக்குது! அன்னைக்கே முடிவாகிப்போச்சு சாமி, இவன் சாமியாருன்னு. அந்தா பாருங்க படம். அந்த வயசுலயே என்னா தியானம்!”

வாசலில் நின்ற இருபது பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சாமியார் ஆர்வமாகிப்போய், இடது கையால் படத்தை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி அம்மாவிடம் கேட்டார்:

“அப்ப அந்தோணியார் பிழைக்க வச்ச பிள்ளை இவன்தான், இல்லையாம்மா?”

இத்தனை வருசத்தில் அந்தக் கேள்வியை அம்மாவிடம் யாரும் நேராகக் கேட்டதே இல்லை. எல்லாரும் அவளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்டவரும் ஒரு சாமியார், அவர் மடியில் அந்தோணியார் அங்கிப் படம். அம்மா கரண்டியோடு நின்றாள். முகம் வெளுத்துப்போனது.

“அது இவன் இல்ல சாமி,” என்றாள். “இவன் அக்கா.”

சமையலறையில் அம்மிச் சத்தம் நின்றது. பின்பக்கக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

“அவளுக்குத்தான் காச்சல் வந்துச்சு, அவளுக்குத்தான் மொட்டையடிச்சோம். பெறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வீட்டுக்கு வந்து படத்தப் பாத்துட்டு மொட்டச்சி மொட்டச்சின்னு சிரிச்சதுக. இவ அழுதுட்டு, அது நான் இல்ல, எந்தம்பின்னு சொல்லிட்டா. அழுக நின்னா சரின்னு நானும் விட்டுட்டேன். அதுக்குள்ள ஊரே சொல்ல ஆரம்பிச்சிருச்சு சாமி. நான் எந்த வாயில போயி மறுக்க?”

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா, “நான் எங்க பாத்தேன். படம் எடுத்தன்னைக்கு நான் பந்தல்ல மருந்தடிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார்.

சாமியாருக்குச் சிரிப்பு வந்து புரை ஏறிவிட்டது. டீக்கடை மாமாதான் அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். மாமாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பன்னிரண்டு வருசக் கதை அவருடையது. தண்ணீரைக் குடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமியார் என்னிடம் திரும்பினார்.

“சரி தம்பி, படத்த விட்ரு. நீ சொல்லு. ஒனக்கு ஏன் சாமியாராகணும்?”

நான் வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த பதிலெல்லாம் ‘மூன்று வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது’ என்றுதான் தொடங்கும். எனக்குக் காய்ச்சலே வரவில்லையே.

“தெரியல சாமி,” என்றேன்.

“தெரிஞ்சா வா,” என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கோழிக்காலை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோது மாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் ஞானஸ்நானப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த வாரமே என் கையில் பேட்டைக் கொடுத்தார்கள். முதல் பந்திலேயே அவுட். அவுட் இல்லை என்று நான் பச்சையாகப் பொய் சொன்னேன். என்ன சுகம்! கம்பத்துக்குப் போய் இரண்டாம் ஆட்டம் பார்த்தேன். கிருதா வளர்த்தேன். பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம் வாங்கி வந்தேன். கயிற்றை அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிதான் நான்.

பாரம் இப்போது அக்கா தலைக்குப் போனது. அவளைக் கண்டால் ஊர்க்காரர்கள், “சிஸ்டரம்மா, எப்ப மடத்துக்கு?” என்று ஆரம்பித்தார்கள். அக்கா என்னைப் போல ஆள் இல்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றி ஒரே ஒரு தடவை சொன்னாள்: “மொட்டையடிச்சவகெல்லாம் மடத்துக்குப் போகணும்னா பழனி அடிவாரத்துல பஸ்ஸு நிக்காதுடீ, மடமாத்தான் இருக்கும்.” அதற்குப் பிறகு அவளை யாரும் கேட்கவில்லை. அந்த ஆவணியில் கல்யாணம் முடித்துச் சின்னமனூர் போய்விட்டாள்.

நான் சந்தோசமாக இருந்தேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட கதைகளில் இந்த இடத்தில் ஒரு வெறுமை வந்து கவ்வும் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்கு ஒரு வெறுமையும் கவ்வவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

அப்போதுதான் டீக்கடை மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முற்றிப்போய், தேனி ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். பங்குச் சாமியார் தியானத்துக்குப் போயிருந்தார். உபதேசியார் வேளாங்கண்ணியில் இருந்தார். மாமா வீட்டில் கூட்டம் கூடிவிட்டது, செபம் சொல்லத்தான் ஆள் இல்லை என்று எங்கள் பந்தலில் என்னோடு திராட்சைக் கொத்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பென்றால் இந்நேரம் கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள்.

நான் கத்தரியைக் கீழே வைத்தேன். கை கழுவினேன். எங்கே போகிறாய் என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

மாமா கயிற்றுக் கட்டிலில் மஞ்சளாகக் கிடந்தார். சுற்றிலும் ஆட்கள். கிருதாவும் பூப்போட்ட சட்டையுமாக நான் உள்ளே நுழைந்ததும் யாரும் வழிவிடவில்லை. அவர்தான் கண்ணைத் திறந்து பார்த்தார்.

“ஏலே, நீதான் சாமியாரு இல்லன்னு ஆகிப்போச்சேடா. ஒன்னைய யாரு வரச் சொன்னா?”

“யாரும் சொல்லல மாமா. நானாத்தான் வந்தேன்.”

கையால் கட்டில் ஓரத்தைத் தட்டினார். “அப்பச் சரி, இங்கன ஒக்காரு,” என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு செபமாலையைத் தொடங்கினேன். பதற்றத்தில், துக்க தேவரகசியம் சொல்ல வேண்டிய வெள்ளிக்கிழமையில் மகிமை தேவரகசியத்தை ஆரம்பித்துவிட்டேன். சாகக் கிடந்தவர் திருத்தினார்: “கிறுக்கா, இன்னைக்கு வெள்ளிக்கிழம.” மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நூறு வீட்டில் சொன்ன அதே செபம்தான். ஆனால் இந்தத் தடவை என் முதுகில் யார் கையும் இல்லை. முடிந்த பிறகும் அவர் கையை விடவில்லை, நானும் எழவில்லை. எனக்கு அங்கேயே இருக்க வேண்டும் போல இருந்தது. பயந்து கிடக்கிற ஒரு மனுசன் பக்கத்தில், சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை என்று தோன்றியது. பேட் பிடித்த சுகத்தைவிட இது பெரிதாக இருந்தது. வெளிச்சம் ஏதும் தெரியவில்லை, குரல் ஏதும் கேட்கவில்லை. அழுகை மட்டும் வந்தது. தனக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து மாமாவும் அழுதார்.

இரண்டு நாள் கழித்து மதுரைக்குப் போய் அந்தச் சாமியாரைப் பார்த்தேன். “தெரிஞ்சிருச்சா?” என்றார்.

“யாரும் கூப்பிடாத வீட்டுக்குப் போனேன் சாமி. திரும்பி வர மனசில்ல,” என்றேன்.

அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கிருதாவை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

மாமா சாகவில்லை. கீழாநெல்லியா, செபமாலையா என்று ஊர் இரண்டுபட்டது. எழுந்து உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், என்னைச் சாமியாராக்கியதே தன் காமாலைதான் என்று கடையில் பிரசங்கம் வைத்ததுதான். குருமடத்து வருசங்களில் எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. பெட்டியைக் கட்டி வைத்த நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் சாய்ந்துகொள்ள எனக்குப் படமோ அற்புதமோ கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் உண்டு. அது போதுமானதாக இருந்தது.

இரண்டாயிரத்துப் பத்தில் எங்கள் ஊரிலேயே எனக்குக் குருப்பட்டம். முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். டீக்கடை மேல் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு பெரிய பிளக்ஸ். ஒரு பக்கம் வெள்ளை அங்கியில் நான். மறுபக்கம் மொட்டைத் தலையோடு, ஊரையே முறைத்துக்கொண்டு, அக்கா. கீழே கொட்டை எழுத்தில்: ‘அன்றே அழைத்தார்!’

“மாமா, இது யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

“தெரியும்டா. ஒன்னோட சின்ன வயசுப் படம் வேற எங்க இருக்கு? எனக்கென்ன, இல்லாத படத்த வரையவா முடியும்?”

உண்மைதான். இரண்டாவது பிள்ளையை எங்கள் ஊரில் யார் படம் எடுத்தார்கள்.

சின்னமனூரிலிருந்து அக்கா, புருசன் பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். பிளக்ஸைப் பார்த்தாள். மாமா மெதுவாகக் கடைக்குள் போய்விட்டார். அவள் மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அம்மா, யாரும்மா இந்த மொட்ட?” என்று கேட்டாள். இந்த இடத்தில் அக்கா மறுபடியும் ‘என் தம்பி’ என்று சொல்லியிருக்கலாம். நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

“நான்தான்டீ,” என்றாள் அக்கா. “சாகக் கிடந்து பொழச்சேன். அதுக்குப் போட்ட அங்கி.” பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: “ஆத்தா நேந்தது எனக்கு. அந்தக் கணக்கு அன்னைக்கே தீந்துபோச்சு. நீ யாரு நேந்தும் போகலடா. நீயாப் போன.”

என் கண் நிறைந்துவிட்டது. அவள் உடனே, “படத்தக் கழட்டச் சொல்லாத. நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றாள்.

அம்மாவும் வந்து நின்று பார்த்தாள். மாமா குழந்தையை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தார். ஓரத்தில் அம்மாவின் கை மணிக்கட்டுவரை மட்டும் தெரிந்தது, அக்காவின் விரல்களைப் பிடித்தபடி. அம்மா பிளக்ஸின் விளிம்பைத் தாண்டிக் காற்றில் ஒரு இடத்தைக் காட்டினாள்.

“நீ அங்கனதான்டா இருந்த. அப்ப எனக்கு ஏழு மாசம். முந்தானைய போட்டு மூடிக்கிட்டு நின்னேன். படம் எடுக்கயில நீ ஒரே ஒத. நீ யாருன்னு அப்ப எனக்கு என்ன தெரியும்.”

அவள் காட்டிய இடத்தில் பிளக்ஸ் இல்லை, சாலைதான் தெரிந்தது. தூரத்தில் ஒரு பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. அது கம்பம் பஸ்ஸா, தேனி பஸ்ஸா என்று நான் பார்க்கவில்லை.